வீட்டில் கலைப்படம் அச்சிட எந்த பிரிண்டர்? காகிதத்தில் தொடங்கும் கணக்கு

கடையில் கொடுத்து எடுக்கும் பிரிண்ட் மனசுக்கு நிறைவாக இல்லை, நாமே வீட்டில் போட்டுக்கொண்டால் என்ன? கேமராவோடு கொஞ்ச நாள் பழகியவர்கள் பலருக்கும் வரும் யோசனை இது. யோசனை நல்லதுதான். ஆனால் அடுத்த நிமிடமே 'எந்த மாடல்?' என்று தாவிவிடுகிறோம். பத்து நிறமா பன்னிரண்டு நிறமா, மைத்துளி 1.5 பிகோலிட்டரா 4 பிகோலிட்டரா என்று இரண்டு பெட்டிகளை எதிரெதிரே வைத்து அளக்கிறோம். சுவரில் மாட்டிய படத்தை இரண்டடி தள்ளி நின்று பார்த்து, இது எந்த மாடலில் அடித்தது என்று சொல்லக்கூடியவர் அரிது. என்ன மாதிரிக் காகிதத்தில் அடித்தது என்பது யாருக்கும் தெரிந்துவிடும்.

அதனால் கேள்விகளின் வரிசையை மாற்ற வேண்டியிருக்கிறது. முதலில் காகிதம், அடுத்து அளவு, அதற்கடுத்து வாரத்துக்கு எத்தனை படம் அடிப்பீர்கள் என்பது. இந்த மூன்றுக்கும் ஒளிவுமறைவில்லாமல் பதில் சொல்லிக்கொண்டால் மாடல் கிட்டத்தட்ட தானாகவே அமைந்துவிடும். அதற்கு முன் மையைப் பற்றிக் கொஞ்சம்.

சாய மை, நிறமி மை

கடைக்காரர் 'டை இங்க்' என்பது சாய மை. தண்ணீரில் சர்க்கரை கரைவதுபோல் நிறம் திரவத்தில் முழுக்கக் கரைந்திருக்கும். 'பிக்மென்ட் இங்க்' என்பது நிறமி மை. தண்ணீரில் மஞ்சள்தூளைக் கலக்கியதுபோல், கண்ணுக்குத் தெரியாத துகள்கள் திரவத்தில் மிதக்கும். மஞ்சள்தூள் அடியில் தங்குவதுபோல் நிறமியும் நாள்பட்டால் தங்கும். பிரிண்டரைச் சும்மா வைக்கக்கூடாது என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சாய மை காகிதப் பூச்சுக்குள் ஊறி இறங்கிவிடுகிறது. பளபளப்பான கிளாஸி காகிதத்தின் மேற்பரப்பு அப்படியே இருக்க, நிறம் உள்ளிருந்து ஒளிர்வதுபோல் தெரியும். நிறமித் துகள்களோ மேலேயே படிகின்றன. கிளாஸியைச் சாய்த்துப் பார்த்தால் மை விழுந்த இடமும் விழாத வெள்ளையும் வேறுவேறாகப் பளபளப்பதும், அடர்ந்த இடங்கள் செம்பு நிறத்தில் மினுங்குவதும் அதனால்தான். இதைச் சமன்செய்யத்தான் கேனான் தன் நிறமி மாடல்களில் குரோமா ஆப்டிமைசர் என்ற நிறமற்ற திரவத்துக்குத் தனி கார்ட்ரிட்ஜ் வைத்திருக்கிறது. பளபளப்பில்லாத மேட் காகிதத்தில் இந்தத் தொல்லையே இல்லை.

ஆயுள் விஷயத்தில் நிலைமை தலைகீழ். 2000ஆம் ஆண்டு எப்சன் ஸ்டைலஸ் ஃபோட்டோ 870, 1270 என்ற இரண்டு சாய மை மாடல்கள் வந்தன. படத் தரம் பிரமாதம். ஆனால் வாங்கியவர்களில் சிலரது படங்கள், வெயில் படாத இடத்திலும், கொஞ்ச நாளிலேயே ஆரஞ்சாகத் திரிந்தன. காற்றிலுள்ள ஓசோன்தான் காரணம். சீக்கிரம் காயட்டும் என்று காகிதத்தில் போட்ட நுண்துளைப் பூச்சு, காற்றையும் உள்ளே விட்டது. அது முதலில் சயான் என்ற பச்சைகலந்த நீலச் சாயத்தை அரித்தது. நீலப் பக்கம் போனபின் மிஞ்சுவது ஆரஞ்சு. கண்ணாடி போட்டு மூடிய படங்கள் தப்பின. அதே ஆண்டு அதே நிறுவனம் 2000பி என்ற நிறமி மை மாடலையும் கொண்டுவந்தது. கலைப்படம் அடிப்பவர்கள் அதற்குப்பின் மெல்ல மெல்ல நிறமிப் பக்கம் சாய்ந்தார்கள்.

இன்றைய சாய மைகள் அந்தக் காலத்து மைகள் அல்ல, வெகுவாகத் தேறிவிட்டன. இருந்தாலும் கண்ணாடியில்லாமல், வெளிச்சமும் காற்றும் படும்படி மாட்டினால் வித்தியாசம் இன்னும் தெரியும். ஆயுள் பற்றி விளம்பரங்களில் வரும் எண்களுக்குப் பெரும்பாலும் மூலம், படங்கள் எவ்வளவு நாள் தாங்கும் என்று சோதிக்கும் ஹென்றி வில்ஹெல்மின் ஆய்வகம். அவர்களது காட்சிச் சோதனையின் அடிப்படை நாளுக்கு 12 மணி நேரம் 450 லக்ஸ் வெளிச்சம், 24 டிகிரி, 60 சதவீத ஈரப்பதம். நல்ல நிறமி மை, நல்ல பருத்திக் காகிதம், மேலே கண்ணாடி என்றால் நூறாண்டைத் தாண்டும் மதிப்பீடுகள் வருகின்றன. அந்த 24 டிகிரியையும் 60 சதவீதத்தையும் கவனியுங்கள். சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ ஏசி இல்லாத அறைக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே நிறம் வெளுப்பதற்கு முன்பே பூஞ்சை வந்துவிடலாம்.

'ஷிக்லே பிரிண்ட்' என்ற பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம். 1991இல் கலிஃபோர்னியாவின் நாஷ் எடிஷன்ஸ் அச்சகத்தில் இருந்த ஜாக் டுகேன், ஐரிஸ் இயந்திரத்தில் அடித்த படங்களுக்கு ஒரு கௌரவமான பெயர் வேண்டும் என்று உருவாக்கிய சொல் அது. ஐரிஸ் அச்சகங்களின் மாதிரி அச்சுக்காக வந்த இயந்திரம், அதன் மை சாய மை. ஆகவே அந்தச் சொல் ஆயுளுக்கும் தரத்துக்கும் உத்தரவாதம் அல்ல. என்ன மை, என்ன காகிதம் என்று கேட்பதுதான் பயன்.

சுருக்கமாகச் சொன்னால், விற்கப்போகும் படம், கண்காட்சிப் படம், பருத்திக் காகிதத்தில் அடிக்கும் படம் ஆகியவற்றுக்கு நிறமி மை. ஆல்பம், பரிசு, கிளாஸி காகிதத்தில் குடும்பப் படம் இவற்றுக்குச் சாய மை போதும். போதும் என்பதைவிட, கிளாஸியில் அதுதான் அழகும்கூட.

காகிதம்தான் முடிவு செய்கிறது

ஃபோட்டோ காகிதங்களை மூன்று குடும்பமாகப் பார்க்கலாம். ஸ்டூடியோக்களில் புழங்கும் பிளாஸ்டிக் பூச்சுக் காகிதம் ஒன்று. கிளாஸி, லஸ்டர், சாட்டின் எல்லாம் இதில் அடக்கம். விலை குறைவு, கறுப்பு ஆழம், கையாள எளிது. அடுத்தது பரைட்டா. பழைய இருட்டறைக் காகிதம்போல் பேரியம் சல்ஃபேட் பூச்சுடன், மெல்லிய மினுமினுப்போடு இருக்கும். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு இதைவிடப் பொருத்தமானது குறைவு. மூன்றாவது மேட் கலைக் காகிதம். நூறு சதவீதப் பருத்தியிலோ மரக்கூழின் ஆல்ஃபா செல்லுலோஸிலோ செய்தது. ஹானமூலே நிறுவனத்தின் ஃபோட்டோ ராக் 308 இதற்கு எல்லாரும் அறிந்த உதாரணம். 308 என்பது ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை கிராமில். நாம் அலுவலகத்தில் புழங்கும் ஏ4 தாள் 70, 75 ஜி.எஸ்.எம். தான்.

மேட் காகிதத்தின் கறுப்பு பரைட்டாவின் கறுப்பைவிட வெளிறியது. கறுப்பின் ஆழத்தைச் சொல்லும் அடர்த்தி எண்ணில் மேட் 1.6, 1.7 அளவில் நிற்கும். பரைட்டாவும் கிளாஸியும் 2.2ஐத் தாண்டிப் போகும். நிறங்களும் அப்படியே. அரக்குச் சிவப்புப் பட்டு, மயில்கழுத்து நீலம், இரவு விளக்கில் கோபுரம் போன்ற படங்கள் மேட்டில் ஒரு படி அடங்கித் தெரியும். அதே மேட், மூடுபனி மலைக்கும் முதியவர் முகத்துக்கும் மழைநாள் தெருவுக்கும் ஓவியத்தின் மென்மையைக் கொடுக்கும். ஒவ்வொரு வகையிலும் சில தாள்கள் கொண்ட மாதிரிப் பொதியைக் காகித நிறுவனங்களே விற்கின்றன. நிறமி மை வைத்திருக்கும் யாரிடமாவது உங்கள் படம் ஒன்றை மூன்று காகிதத்திலும் அடித்து வாங்குங்கள். அதற்காகும் செலவு, தவறான பிரிண்டரை வாங்குவதில் போகும் பணத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

வெண்மையைப் பார்த்து ஏமாறவும் கூடாது. கண்ணைப் பறிக்கும் வெள்ளைக் காகிதத்தில் பெரும்பாலும் ஒளிரூட்டும் வேதிப்பொருள் சேர்த்திருப்பார்கள். வேட்டிக்கு நீலம் போடுவதைப் போன்ற வேலைதான். புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பிக் கொடுக்கும். ஆண்டுகள் போகப் போக அந்தச் சக்தி தீர்ந்து காகிதம் பழுப்பேறும். விற்பனைக்கான படம் என்றால் அது இல்லாத, சற்றே பால்வண்ணக் காகிதம் பாதுகாப்பு.

பிரிண்டர் தேர்வோடு இதற்கு நேரடித் தொடர்பு உண்டு. கிளாஸிக்கும் பரைட்டாவுக்கும் 'ஃபோட்டோ பிளாக்', மேட்டுக்கு 'மேட் பிளாக்' என்று நிறமி பிரிண்டர்களில் இரண்டு கறுப்பு உண்டு. எப்சனின் பி600, பி800 தலைமுறையில் மை பீய்ச்சும் நுண்துளைகளான நாசில்களின் ஒரே வரிசையை இரண்டும் பகிர்ந்துகொண்டன. காகிதம் மாற்றும் ஒவ்வொரு தடவையும் குழாயிலிருந்த மை வெளியேற்றப்பட்டு வீணாகும். 2020இல் வந்த பி700, பி900 மாடல்களில் இரண்டுக்கும் தனி வரிசை. கேனான் ப்ரோ-300, ப்ரோ-1000 இரண்டிலும் தனித்தனியே. பழைய மாடலைச் செகண்ட்ஹேண்டில் வாங்குபவர் இதை முதலில் கேட்க வேண்டும்.

காகிதம் உள்ளே போகும் பாதையையும் பாருங்கள். முன் தட்டிலிருந்து எடுத்து வளைத்துத் திருப்பும் பிரிண்டரில் 308 ஜி.எஸ்.எம். தாள் போகாது. பின்புறமாகவோ முன்புறமாகவோ ஒற்றைத் தாளை வளைக்காமல் நேராகச் செலுத்தும் வழி இருக்க வேண்டும். இன்னொன்று ஓரம். சில கேனான் மாடல்களின் டிரைவர், அதாவது கணினியிலிருந்து பிரிண்டரை இயக்கும் மென்பொருள், கலைக் காகிதம் என்று தேர்ந்தெடுத்ததும் மேலும் கீழும் இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் வெள்ளை விடச் சொல்லும். தாளின் முனை வளைந்து, மை தெளிக்கும் ஹெட்டில் உரசக்கூடாது என்ற முன்ஜாக்கிரதை அது. விளிம்புவரை படம் வேண்டும் என்பவர் வாங்குமுன் டிரைவரில் சோதித்துப் பார்க்க வேண்டும்.

அளவு

இது சுருக்கமான கணக்கு. ஏ3+ என்பது 329 × 483 மி.மீ. அங்குலத்துக்கு 300 பிக்சல் என்றால் கிட்டத்தட்ட 22 மெகாபிக்சல் போதும். ஏ2வுக்கு 35 மெகாபிக்சல். ஆனால் 24 மெகாபிக்சல் படத்தையே ஏ2வில் அடித்தாலும் அங்குலத்துக்கு 240 பிக்சல் கிடைக்கும். பார்க்கும் தூரத்தில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆக ஏ2 பிரிண்டரைத் தடுப்பது கேமரா அல்ல, மேசை. ஏ2 அடிக்கும் ப்ரோ-1000 ஏறத்தாழ 32 கிலோ. ஒருவர் தூக்கி வைக்க முடியாது. பி900 அதில் பாதிதான், 15 கிலோவுக்குச் சற்று மேல். இரண்டுக்குமே பின்னால் காகிதம் நுழைக்கவும் முன்னால் வெளிவரவும் இடம் விட்டால் ஒரு முழு மேசை போய்விடும்.

பனோரமா எடுப்பவர்களுக்கு ரோல் காகிதம் தேவைப்படலாம். பி700இல் ரோல் பிடிப்பான் உள்ளேயே இருக்கிறது, பி900க்குத் தனியாக வாங்க வேண்டும், ப்ரோ-1000இல் கிடையாது.

எத்தனை நிறம், எத்தனை சாம்பல்

நிற எண்ணிக்கையில் உண்மையிலேயே பார்க்க வேண்டியது சாம்பல்தான். சாம்பல் மை இல்லாத ஆறு நிற பிரிண்டர், கறுப்பு வெள்ளைப் படத்தின் நடுத்தரச் சாயல்களைச் சயான், மெஜந்தா, மஞ்சள் மூன்றையும் கலந்துதான் உருவாக்குகிறது. கலவையில் துளி பிசகினாலும் படம் ஒரு பக்கம் பச்சையாகவும் இன்னொரு பக்கம் ரோஜாவாகவும் தெரியும். டியூப்லைட்டில் ஒரு நிறம், ஜன்னலோரம் வேறு நிறம். எப்சன் எல்8050, எல்18050 இந்த வகை. வெளிர் சயானும் வெளிர் மெஜந்தாவும் உண்டு, சாம்பல் இல்லை. எல்8180இல் ஒரு சாம்பல் இருக்கிறது. கேனான் ப்ரோ-200இன் எட்டு சாய மைகளில் இரண்டு சாம்பல். பி700, பி900இன் பத்திலும் இரண்டு. கறுப்பு வெள்ளைதான் உங்கள் வேலை என்றால் இரண்டு சாம்பலுக்குக் குறைந்து வாங்காதீர்கள். எப்சனில் கறுப்பு வெள்ளைக்கென்றே 'அட்வான்ஸ்டு பிளாக் அண்ட் ஒயிட்' என்ற தனி முறையும் உண்டு. நிற மையை மிகக் குறைத்து, சாம்பலாலேயே படத்தை எழுப்புவதால் சாயல் சுத்தமாக வரும்.

கூடுதல் நிறங்கள் ஒரு குறிப்பிட்ட மூலையைத்தான் விரிக்கின்றன. பி700இன் ஊதா மை ஆழ்ந்த நீலத்துக்கு. ப்ரோ-300இன் சிவப்பு, பெயருக்கேற்பச் சிவப்புக்கு. ப்ரோ-1000இல் சிவப்பும் நீலமும் உண்டு. உங்கள் படங்களில் அந்த மூலை வராவிட்டால் அந்த கார்ட்ரிட்ஜும் சும்மா இருக்கும், காலாவதியாகும். பத்தில் ஒன்று தீர்ந்தாலும் பிரிண்டர் நின்றுவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சும்மா நிற்கும் பிரிண்டர்

வாங்கியவர்களை அதிகம் அழவைப்பது இதுதான். ஹெட்டில் இருக்கும் நாசில்கள் தலைமுடியைவிட மெல்லியவை. மை காய்ந்தால் அடைபடும். எப்சனின் ஹெட் பீசோ வகை. படிகம் துடித்து மையைத் தள்ளுகிறது, சூடு இல்லை. ஹெட் நீண்ட நாள் உழைக்கும், ஆனால் பழுதானால் மாற்றும் செலவில் இன்னொரு பிரிண்டரை யோசிக்க வேண்டியிருக்கும். கேனானுடையது வெப்ப வகை. மை நொடியில் கொதித்து, குமிழி துளியைத் தள்ளுகிறது. ஹெட் தேய்மானப் பொருள், ஆனால் ப்ரோ-1000 போன்றவற்றில் வீட்டிலேயே கழற்றி மாற்றலாம்.

நாசில் எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு இருக்கிறது. பி700இல் நிறத்துக்கு 180. ப்ரோ-1000இல் நிறத்துக்கு 1,536. முன்னதில் ஒரு நாசில் அடைத்தாலும் வானத்தில் மெல்லிய கோடு விழக்கூடும். பின்னதில் அடைத்த நாசிலின் வேலையை வேறொன்று எடுத்துக்கொள்ளும். அதற்கு விலையும் உண்டு. நாள்கணக்கில் சும்மா இருந்துவிட்டு ஆன் செய்தால் கேனான் தானாகவே சுத்தம் செய்யத் தொடங்கும். அப்போது குறையும் மை உங்கள் மைதான். ஆக, எப்சனில் அடைப்புக்கான கவலை நம் தலையில், கேனானில் அதற்கான செலவு கார்ட்ரிட்ஜில்.

எந்த வகையானாலும் வாரம் ஒரு தடவை எல்லா நிறமும் கலந்த ஒரு சின்னப் படத்தை அடியுங்கள். நாசில் செக் மட்டும் போதாது, அதில் ஓடும் மை மிகக் குறைவு. கோடு விழுந்தால், எந்த நாசில் அடைத்தது என்று காட்டும் நாசில் செக், ஒரு கிளீனிங், மறுபடி நாசில் செக். சரியாகாவிட்டால் இன்னொரு முறை. அதற்கும் மேல் போகாமல் அரை நாள் விட்டுவிடுங்கள். குழாயில் காற்றுக்குமிழி இருந்தால் அந்த நேரத்தில் மேலே ஏறிவிடும். காய்ந்த மை என்றால் புது மையில் ஊறிக் கொஞ்சம் இளகும். அடுத்தடுத்துப் பத்துமுறை கிளீனிங் ஓட்டுவது மையையும் தீர்த்து, கழிவு மைத் தொட்டியையும் நிரப்பும். பி700, பி900, ப்ரோ-1000இல் அந்தத் தொட்டியை நாமே மாற்றலாம். மற்ற மாடல்களில் சர்வீஸ் சென்டருக்குத் தூக்க வேண்டுமா என்று வாங்குமுன் கேளுங்கள்.

நம் வீடுகளில் எல்லாவற்றையும் சுவர் சுவிட்சில் அணைக்கும் பழக்கம் உண்டு. பிரிண்டரில் அது ஆகாது. பிரிண்டரின் சொந்தப் பட்டனை அழுத்தி, ஹெட் ஓரமாகப் போய் ரப்பர் மூடியில் உட்கார்ந்த சத்தம் அடங்கிய பிறகுதான் சுவிட்ச். அச்சிடும்போது கரண்ட் போனால் ஹெட் நடுவழியில் திறந்தபடி நிற்கும், மணிக்கணக்கில் நின்றால் காயும். அடிக்கடி மின்தடை உள்ள ஊரில் சின்ன யுபிஎஸ் ஆடம்பரம் இல்லை.

வாரம் ஒரு ஏ4 படம்கூட அடிக்க மாட்டேன், திருவிழாவுக்குத் திருவிழாதான் என்பவர் நிறமி பிரிண்டர் வாங்க வேண்டாம். நல்ல லேப் ஒன்றைக் கண்டுபிடித்து, அவர்களது காகிதத்தில் நிறம் எப்படி வரும் என்று கணினிக்குச் சொல்லும் கோப்பான ஐ.சி.சி. புரொஃபைலை வாங்கி, வீட்டில் படத்தைத் தயார்செய்து அனுப்புவதே லாபம்.

மைச் செலவு

பிரிண்டர் விலையைவிட இதைத்தான் முதலில் கணக்கிட வேண்டும். கார்ட்ரிட்ஜ் விலையை மில்லிலிட்டரால் வகுங்கள். ப்ரோ-200இன் கார்ட்ரிட்ஜ் 12.6 மி.லி., ப்ரோ-300இல் 14.4, பி700இல் 25, பி900இல் 50, ப்ரோ-1000இல் 80. கார்ட்ரிட்ஜ் பெரிதாக ஆக மில்லிலிட்டர் விலை இறங்கும். எல்8180 போல மையைத் தொட்டியில் ஊற்றிக்கொள்ளும் எப்சன் டேங்க் மாடல்களின் 70 மி.லி. பாட்டில் இவை எல்லாவற்றையும்விட மலிவு. படத்தைப் பொறுத்துக் கூடும் குறையும் என்றாலும், ஒரு சதுர அடிக்கு 1 முதல் 1.5 மி.லி. என்று வைத்துக் கணக்கிடலாம். ஏ3+ ஏறக்குறைய 1.7 சதுர அடி, ஆக சுமார் 2 மி.லி. ஒரு மி.லி. 120 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மை மட்டும் 240 ரூபாய். காகிதம் தனி. கிளீனிங்கில் போகும் மை அதற்கும் தனி. குறைவாக அடிப்பவருக்கு இந்தக் கடைசிச் செலவே படத்துக்கான மையைத் தாண்டிவிடும்.

பெரிய கார்ட்ரிட்ஜ் மலிவு என்று குறைவாக அடிப்பவர் ப்ரோ-1000 வாங்குவதிலும் சிக்கல் உண்டு. போட்ட ஆறு மாதத்துக்குள் கார்ட்ரிட்ஜைத் தீர்த்துவிடுவது நல்லது என்பது பொது வழக்கம். பன்னிரண்டு 80 மி.லி. கார்ட்ரிட்ஜை அதற்குள் தீர்ப்பவர் அன்றாடம் அடிப்பவர்தான். புது பிரிண்டரோடு வரும் மையில் ஒரு பகுதி குழாய்களை நிரப்பவே போய்விடும். அதனால் பெட்டியோடு மை இருக்கிறதே என்று இரண்டாம் செட்டுக்கான பணத்தைத் தள்ளிவைக்க வேண்டாம்.

டேங்க் பிரிண்டரில் வெளியார் நிறமி மையை ஊற்றி ஓட்டும் வழக்கம் நம் ஊர் ஸ்டூடியோக்களில் இருக்கிறது. நாள் முழுக்க ஓடும் இடத்தில் அது ஓடும். வீட்டில் துகள் தங்கி, ஹெட் அடைத்து, வாரண்டியும் போகும். மேலும் காகித நிறுவனம் தரும் புரொஃபைல் அந்த பிரிண்டரின் சொந்த மைக்குத்தான். வேறு மை ஊற்றினால் அதற்கெனத் தனி புரொஃபைல் செய்ய வேண்டும்.

இப்போது மாடல்கள். கற்றுக்கொள்ளும் கட்டம், ஆல்பம், கிளாஸி, செலவு குறைய வேண்டும் என்பவருக்கு எல்8180. மேற்கு நாடுகளில் இதே வகை இடி-8550 என்று விற்கிறது. ஏ3+ போகும், சாம்பல் உண்டு, மேட்டுக்கு ஒரு நிறமிக் கறுப்பும் உண்டு. கண்காட்சி நோக்கில் ஏ3+ வரை போதும் என்றால் பி700 அல்லது ப்ரோ-300. மேட்டும் கறுப்பு வெள்ளையும் அதிகம் என்றால் முன்னது, கிளாஸியில் நிறமி மையோடு சீரான மினுமினுப்பு வேண்டும் என்றால் பின்னது. வாரந்தோறும் அடிப்பவர், படம் விற்பவர் என்றால் பி900, அல்லது மேசையும் தூக்க ஆளும் இருந்தால் ப்ரோ-1000. ப்ரோ-1000க்கு 2024இல் ப்ரோ-1100 என்றும், ப்ரோ-300க்கு 2025இல் ப்ரோ-310 என்றும் வாரிசுகள் வந்துவிட்டன. பழையவற்றின் மை எத்தனை ஆண்டு கிடைக்கும் என்று யோசித்து, விலை நன்றாகக் குறைந்திருந்தால் மட்டும் எடுங்கள். நம் பக்கத்துக் கடைகளில் எப்சன் மாடல் எண்ணின் கடைசி இலக்கம் மாறியிருக்கலாம், குழம்ப வேண்டாம்.

படம் ஏன் இருட்டாக வருகிறது

பிரிண்டர் வந்த முதல் வாரத்தில் வரும் புகார் இது. தொண்ணூறு விழுக்காடு குற்றவாளி மானிட்டர். கடையில் பளிச்சென்று தெரிவதற்காக வைத்த வெளிச்சத்திலேயே திருத்தம் செய்தால், திரையில் சரியாக இருப்பது காகிதத்தில் இருட்டுதான். சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டலா, டி65 வெண்மை, காமா 2.2 என்று அளவுக்கருவி வைத்துச் சரிசெய்ய வேண்டும். கருவி இல்லாவிட்டால் குறைந்தபட்சம் திரையருகே வெள்ளைத் தாளை நல்ல விளக்கில் பிடித்து, இரண்டின் வெளிச்சமும் ஒன்றாகத் தெரியும்வரை திரையைக் குறையுங்கள். பிரிண்டருக்கான பட்ஜெட்டில் மானிட்டர் அளவுக்கருவிக்கும் ஒரு பங்கு ஒதுக்குவது கூடுதலாக இரண்டு நிறம் வாங்குவதைவிடப் பயன் தரும்.

நிறம் முழுக்க மெஜந்தாவாகவோ பச்சையாகவோ அடித்துக்கொண்டு போனால் பெரும்பாலும் இரட்டைத் திருத்தம். ஃபோட்டோஷாப்பில் காகிதத்தின் புரொஃபைலைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பிரிண்டர் டிரைவரையும் நிறம் திருத்த விட்டிருப்பீர்கள். எப்சன் டிரைவரில் 'நோ கலர் அட்ஜஸ்ட்மென்ட்', கேனானில் கலர் மேட்சிங் 'நன்' என்று வைத்தால் தீரும். காகித வகையையும் புரொஃபைலோடு வந்த குறிப்பில் சொன்னபடியே தேர்ந்தெடுக்க வேண்டும். எவ்வளவு மை கொட்டுவது, எந்தக் கறுப்பைப் பயன்படுத்துவது என்பதை அதுதான் முடிவு செய்கிறது. மேட் தாளை வைத்துவிட்டு கிளாஸி என்று சொன்னால் கறுப்பு சாம்பலாக வரும். கிளாஸியை வைத்து மேட் என்று சொன்னால் மை ஒட்டாமல் விரலில் வரும்.

முழுத் தாளில் அடிப்பதற்கு முன், படத்தின் முக்கியமான ஒரு பகுதியை, முகமோ வானமோ, அதே காகிதத்தில் நான்கு அங்குலப் பட்டையாக அடித்துப் பாருங்கள். பத்து நிமிடம் காயவிட்டு, படம் மாட்டப்போகும் விளக்கில் பார்க்க வேண்டும்.

தாளைக் கையாள்வதில்தான் மிச்சத் தவறுகள். பூச்சுள்ள பக்கம் எது என்று தெரியாவிட்டால் ஈர விரலால் மூலையைத் தொடுங்கள், லேசாக ஒட்டுவது அச்சுப் பக்கம். பருத்திக் காகிதத்தில் ஒட்டியிருக்கும் தூசியை மென்மையான தூரிகையால் தட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் மை தூசிமேல் விழுந்து, தூசி உதிர்ந்ததும் வெள்ளைப் புள்ளி மிஞ்சும். மழைக்காலத்தில் கலைக் காகிதம் ஈரம் வாங்கி ஓரம் அலைபோல் எழும், அந்த ஓரம் ஹெட்டில் உரசிக் கறுப்புத் தீற்றல் போடும். பொதியைப் பிரித்ததும் தேவையான தாளை மட்டும் எடுத்துவிட்டு மற்றதைப் பையோடு மூடித் தட்டையாக வையுங்கள். வளைந்த தாளை எதிர்ப்பக்கமாக மெல்ல உருட்டி நிமிர்த்திவிட்டு, டிரைவரில் தடித்த காகிதத்துக்கான இடைவெளியைக் கூட்டி அடிக்கலாம்.

அடித்ததும் கண்ணாடிக்குள் போடக்கூடாது. மையிலுள்ள கிளைக்கால் போன்ற கரைப்பான்கள், பிளாஸ்டிக் பூச்சுக் காகிதத்தில் குறிப்பாக, மெல்லத்தான் வெளியேறும். அவசரப்பட்டு ஃபிரேம் செய்தால் சில நாளில் கண்ணாடியின் உட்புறம் பனி படிந்ததுபோல் மங்கும். தொட்டுப் பார்த்துக் காய்ந்ததும் மேலே சாதாரணத் தாள் ஒன்றை விரித்து ஒரு நாள் முழுக்க வையுங்கள். தாள் அலையலையாக எழுந்தால் ஆவி இன்னும் வருகிறது என்று அர்த்தம், புதுத் தாளை மாற்றிப்போட்டு இன்னொரு நாள். பிறகு, படமும் கண்ணாடியும் ஒட்டாமல் நடுவில் மவுண்ட் போர்டு என்ற தடித்த அட்டைச் சட்டம் வைத்து ஃபிரேம் போடச் சொல்லுங்கள்.